கோதுமை சோடா ரொட்டி: மதுரை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை திருநகர் பக்கம் ஒரு வீடு. அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பல வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். சமையல் முழுக்க அம்மா பொறுப்பு. மகள் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறார். சித்திரைத் திருவிழாவை ஒட்டி விடுமுறையில் வந்திருந்தபோது நடந்தது இது.

அப்பாவுக்குக் காலையில் பிரட் வேண்டும். இட்லி இருந்தாலும் டீயோடு இரண்டு துண்டாவது உள்ளே போக வேண்டும். மைதாவைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்த பிறகு 'பிரவுன் பிரட்'டுக்கு மாறினார்கள். மகள் ஒருநாள் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தபோது பொருள் பட்டியலில் முதலில் நின்றது மைதா; கோதுமை மாவு அதற்கப்புறம்தான். 'இதுக்கு நம்மளே செஞ்சிரலாம்மா' என்று அவர் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கார்க்கில் முதலில் தங்கியிருந்த வீட்டில் ஒரு மூதாட்டி வாரம் தவறாமல் சோடா ரொட்டி செய்வதை அவர் பார்த்திருக்கிறார். ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்கும்வரை காத்திருப்பதும் கிடையாது. கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர் நான்கும் போதும். அயர்லாந்தில் இது 1830-களுக்குப் பிறகு பரவிய ரொட்டி. அந்த ஈர நாட்டில் விளையும் கோதுமை மென்மையானது, புரதம் குறைந்தது. ஈஸ்ட் ரொட்டிக்கு அது அவ்வளவு தோதுப்படாது, சோடாவுக்கு நன்றாக ஒத்துப்போகும். வெண்ணெய் கடைந்த மோரும் வீட்டுக்கு வீடு இருந்தது. சோடா மலிவாகக் கடைக்கு வந்ததும் ரொட்டி தானாக வந்துவிட்டது.

நான் பக்கத்து வீடு. பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன். முதல் ரொட்டியை அறுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்தது அவர்கள் சொல்லித் தெரிந்தது.

முதல் ரொட்டி

மில்லில் அரைத்துச் சலிக்காமல் வைத்திருந்த கோதுமை மாவு 450 கிராம் எடுத்தார்கள். உப்பு ஒரு டீஸ்பூன். மகள் எழுதி வைத்திருந்த குறிப்பில் சோடாவும் ஒரு டீஸ்பூன்தான். 'நம்ம மாவு கனம், கொஞ்சம் கூடப் போடு' என்று அம்மா சொல்ல, அது ஒன்றரை ஆனது. நம் ஊரில் இது சகஜமான நம்பிக்கை: ஆப்ப சோடாவைக் கூட்டினால் பண்டம் கூடுதலாக எழும்பும். பஜ்ஜிக் கடைகள் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

மோர் 400 மில்லி. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரைத்து வைத்திருந்த மோரில் உப்பும் கறிவேப்பிலையும் சேர்க்கும் முன்பே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பங்கு தயிருக்கு இரண்டு பங்கு தண்ணீர். வெயில் காலம் என்பதால் நாக்கில் வைத்தால் நல்ல புளிப்பு.

பிசைந்தது அம்மா. சப்பாத்தி மாவுக்குப் பழகிய கை; அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி நன்றாகப் பிசைந்தார். அப்புறம் ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் ஊற வைத்தார். ஓடிஜி என்கிற சின்ன மின்சார அடுப்பை 200 டிகிரி செல்சியஸில் சூடேற்றி நாற்பத்தைந்து நிமிடம் வேக வைத்தார்கள்.

வந்தது கனமான, தட்டையான ஓர் உருண்டை. மேலே கரும்பழுப்பு. அறுத்தால் உள்ளே மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், அங்கங்கே கரும்புள்ளி. வாயில் வைத்ததும் சோப்பு ருசி. அப்பா விடவில்லை, நான்கு துண்டு தின்றுவிட்டார். மகள் ஊரிலிருந்து வந்து செய்து கொடுத்ததை அவர் எப்படி மிச்சம் வைப்பார்!

அடுப்பா, கோதுமையா, மோரா?

நான் போனபோது வீட்டில் இரண்டு கட்சி. மகளுக்கு ஓடிஜி மேல் சந்தேகம்: சின்ன அடுப்பு, சூடு சரியில்லை. அம்மாவுக்குக் கோதுமை மேல்: அந்த ஊர் கோதுமை வேறு, நம் ஊர் கோதுமை வேறு. அம்மா சொன்னதில் உண்மை உண்டு. நம் கோதுமை அவர்களுடையதைவிடக் கடினமானது. கல்லில் அழுத்தி அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நிறைய உடைவதால் தண்ணீரையும் அதிகமாகக் குடிக்கும். ஆனால் கோதுமை மாறினால் சோப்பு ருசி வராது. அடுப்பு சரியில்லாவிட்டாலும் வராது. அந்த ருசி காரத்தன்மை உள்ள ஏதோ ஒன்று ரொட்டியில் மிஞ்சியதால் வருவது.

சமையல் சோடா அமிலத்தைச் சந்தித்தால் கரியமில வாயு வரும். ரொட்டியை எழுப்புவது அந்த வாயுதான். கணக்கும் எளிது. ஒரு கிராம் சோடாவை முழுதாகத் தீர்க்க, தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் ஏறத்தாழ ஒரு கிராம் வேண்டும். நன்றாகப் புளித்த தயிரில் நூறு கிராமுக்கு அந்த அமிலம் சுமார் ஒரு கிராம் இருக்கும். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் ஊற்றிய மோரில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆக அவர்கள் ஊற்றிய 400 மில்லி மோரில் இருந்த அமிலம் ஒன்றேகால், ஒன்றரை கிராமுக்கு மேல் இராது. போட்ட சோடாவோ கிட்டத்தட்ட ஏழு கிராம்.

மீதிச் சோடா சும்மா இருக்காது. அடுப்புச் சூட்டில் கொஞ்சம் வாயுவையும் நீராவியையும் விட்டுவிட்டு சோடியம் கார்பனேட்டாக மாறும். அதாவது சலவைச் சோடா. சோப்பு ருசி வேறெங்கிருந்தும் வரவில்லை. மாவில் காரம் ஏறினால் கோதுமையின் இயற்கை நிறமிகள் மஞ்சளாகும், மேல்தோலும் சீக்கிரம் கருக்கும். அறுத்த ரொட்டியில் இரண்டுமே கண்ணுக்குத் தெரிந்தன.

'புளிப்பா இருந்துச்சே' என்றார் அம்மா. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நாக்கு புளிப்பைக் கண்டுபிடித்துவிடும். எத்தனை கிராம் அமிலம் இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தண்ணீர் ஊற்றிய மோரும் புளிக்கத்தான் செய்கிறது.

மஞ்சள் சொன்னது

வாயால் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அம்மாவிடம் சமையல் மஞ்சள் தூள் கொஞ்சம் கேட்டு, தண்ணீரில் குழைத்து, வெட்டிய ரொட்டியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். கடை பிரட் ஒரு துண்டிலும் அதே போல ஒரு கோடு. கடை பிரட்டில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. வீட்டு ரொட்டியில் கொஞ்ச நேரத்தில் செங்கல் நிறத்துக்குச் சிவந்துவிட்டது. கரும்புள்ளி இருந்த இடங்களில் இன்னும் அடர்ந்த சிவப்பு.

அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 'ஆலாத்தித் தண்ணி மாதிரில்ல இருக்கு' என்றார். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பது இதே காரணத்தால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்கிற வேலையை அஞ்சறைப் பெட்டி செய்துகொடுத்தது. கரும்புள்ளிகள் என்ன என்பதும் அப்போதே தெளிந்தது: சோடாவைச் சலிக்காமல் போட்டதால் கட்டி கட்டியாக நின்ற இடங்கள் அவை.

அடுத்து இரண்டு டம்ளர். ஒன்றில் அதே மோர், இன்னொன்றில் முந்தின நாள் உறைய வைத்துப் புளித்த கெட்டித் தயிர், இரண்டும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூன் சோடா போட்டுக் கலக்கினோம். மோர் மேலே கொஞ்சம் நுரைத்து அடங்கிவிட்டது. தயிர் பொங்கி டம்ளர் விளிம்புக்கு வந்து, அங்கேயே நின்றது. மகள் அதற்கப்புறம் ஓடிஜியைப் பற்றிப் பேசவில்லை.

எடுத்த முடிவுகள்

மோர் வேண்டாம், புளித்த தயிர் 300 கிராம். அதோடு தண்ணீர் நூறு மில்லிக்குள், மாவு கேட்கிற அளவுக்கு மட்டும். சித்திரை வெயிலில் இரவு உறைய வைத்த தயிரை மறுநாள் வெளியே விட்டாலே மாலைக்குள் வேண்டிய புளிப்பு வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மதுரை வெயில் நமக்கு உபகாரம்.

சோடா முக்கால் டீஸ்பூன், தலை தட்டி. எடையில் மூன்றரை கிராம். தயிரின் அமிலத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். அரை கிராம் முன்னே பின்னே இருந்தால் ருசியில் தெரியாது. சோடாவை மாவோடு சேர்த்து இருமுறை சலிப்பது, சல்லடையில் தங்கும் தவிட்டைத் திரும்ப மாவில் கொட்டுவது.

மாவு 400 கிராம், அதோடு சம்பா ரவை 50 கிராம். அயர்லாந்தில் இந்த ரொட்டிக்கு வாங்கும் முழுக்கோதுமை மாவு கொரகொரப்பாக இருக்கும் என்று மகள் சொன்னார். நம் மில் மாவு பட்டுப்போல இருப்பதால் வெந்த பிறகு களிபோல அடைத்துக்கொள்கிறது. ரவையை முன்கூட்டியே தயிரில் அரை மணி நேரம் ஊற வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் கடிபடும்.

எல்லாவற்றையும்விட அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது பிசையாமல் இருப்பது. தயிர் பட்ட நிமிடத்திலேயே வாயு வர ஆரம்பித்துவிடும். பிசைந்தால் வாயு வெளியேறும், பசைத்தன்மை கூடி ரொட்டி இறுகும். ஊற வைத்தால் உள்ள வாயுவும் போய்விடும். எனவே அடுப்பு சூடான பிறகுதான் தயிரை ஊற்றுவது, விரல்களை விரித்து ஒரு சுற்று கிளறி மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிடுவது, இரண்டு அங்குல உயரத்துக்குத் தட்டி நேராக உள்ளே தள்ளுவது என்று வைத்தோம். கையில் ஒட்டும் பதம்தான் சரி. 'இது மாவா, சேறா?' என்று அம்மா முணுமுணுத்தார். மகள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மேலே கத்தியால் கூட்டல் குறி போல ஆழமாகக் கீறியதும் அலங்காரத்துக்கு இல்லை. கனமான மாவின் நடுப்பகுதிக்குச் சூடு இறங்க அது வழி.

உப்புக் கணக்கு

இதை முதலில் யாருமே யோசிக்கவில்லை. மைதாவுக்குப் பதில் கோதுமை என்பதே பெரிய காரியமாகப் பட்டது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; சோடாவிலும் சோடியம் உண்டு என்பதை மகள்தான் மறுநாள் சொன்னார். சோப்பு ருசியையே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

ஒரு கிராம் சமையல் சோடாவில் சோடியம் சுமார் 270 மில்லிகிராம். ஒரு கிராம் உப்பில் சுமார் 390. முதல் ரொட்டியில் ஏழு கிராம் சோடா, ஆறு கிராம் உப்பு. கூட்டினால் நாலேகால் கிராம் சோடியம். பத்துத் துண்டில் அப்பா நாலைத் தின்றார். ஒன்றே முக்கால் கிராமுக்குக் கிட்டே வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இதற்கு மேல்.

சோடா பாதியானதில் ஒரு பங்கு தானாகவே குறைந்தது. உப்பை அரை டீஸ்பூனாக்கினோம். அதற்கும் கீழே போனால் ருசியே இல்லை என்பது அம்மாவின் தீர்ப்பு, எனக்கும் அது சரியாகவே பட்டது. இப்போது முழு ரொட்டியிலும் சுமார் 2.1 கிராம். பன்னிரண்டு துண்டு போட்டால் துண்டுக்கு 180 மில்லிகிராம் அளவு.

கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. மகள் உடனே தடுத்தார். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில வகை மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும்; சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்றார். கேட்டார்கள், அவரும் வேண்டாம் என்றுவிட்டார்.

கரண்ட் போன நாள்

திருத்திய முறையில் செய்த ரொட்டி முதல் தடவையே நன்றாக எழும்பியது. அறுத்து மஞ்சள் தடவிப் பார்த்தோம், நிறம் மாறவில்லை. அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். அதற்கடுத்த முறை நடந்ததுதான் சுவாரசியம்.

அடுப்பு சூடாகிவிட்டது, தயிரும் மாவில் ஊற்றியாயிற்று. கரண்ட் போய்விட்டது. கலந்த மாவைக் காத்திருக்க வைக்க முடியாது. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு உப்பு பரப்பி வேக வைக்கலாம் என்று மகள் சொன்னார். தண்ணீர் இல்லாமல் குக்கரை அவ்வளவு நேரம் காய விடுவது அந்தப் பாத்திரத்துக்கு நல்லதில்லை என்று அம்மா மறுத்தார். அவர் எடுத்தது பழைய கனத்த பிரியாணி தேக்சா. அன்று மொட்டை மாடியில் கரி அடுப்பு தற்செயலாக எரிந்துகொண்டிருந்தது, மத்தியானம் கறிக்குத் தம் போடுவதற்காக.

தேக்சாவின் அடியில் ஒரு இரும்பு வளையம், அதன் மேல் தட்டு, தட்டில் ரொட்டி. மூடி போட்டு, மூடி மேல் கங்கு. அடியில் நெருப்பைக் குறைத்து மேலே கூட்டினார். கைப்பழக்கத்தால் வந்த கணக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அயர்லாந்தில் அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள் என்றார். உண்மைதான். அங்கே பழைய குடியானவர் வீடுகள் பலவற்றில் ரொட்டி அடுப்பு கிடையாது. மூடி போட்ட இரும்புச் சட்டியைக் கரிமண் (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் மண், 'பீட்') நெருப்பின் மேல் வைத்து, மூடி மீதும் கங்கை அள்ளிப் போட்டு இதே ரொட்டியைச் சுட்டிருக்கிறார்கள்.

ஐம்பது நிமிடம் ஆனது. அடிப்பக்கம் ஒரு இடத்தில் கருகியது, மற்றபடி ஓடிஜியில் வந்ததைவிட மேல்தோல் நன்றாக இருந்தது. வெந்துவிட்டதா என்று அறிய ரொட்டியைத் திருப்பி அடியைத் தட்டினால் காலிப் பானைச் சத்தம் வர வேண்டும், வந்தது. இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: கரி அடுப்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். மாடியோ முற்றமோதான்.

என்ன ஆனது

மகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் ரொட்டி நிற்கவில்லை. அம்மா வாரம் ஒருமுறை செய்கிறார். சோடா ரொட்டி சீக்கிரம் காய்ந்துபோகும். செய்த அன்றுதான் ருசி. மறுநாள் தோசைக்கல்லில் வாட்டினால் பரவாயில்லை. மதுரைப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும் என்பதால் மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்.

அப்பாவின் கருத்து வேறு. 'டீக்கு ஆகாது, குழம்புக்கு ஆகும்.' தக்காளித் தொக்கோடும் கறிக்குழம்போடும் விரும்பிச் சாப்பிடுகிறார். டீயோடு தின்ன இன்னும் பன்னைத்தான் கேட்கிறார். எப்போதாவது வெளியே போகும்போது பன் பட்டர் ஜாம் சாப்பிட்டுவிட்டு வருவதும் வீட்டுக்குத் தெரியும்.

சர்க்கரை விஷயத்தில் எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு குளுக்கோமீட்டரில் பார்த்தார்கள். மூன்று துண்டு ரொட்டி சாப்பிட்ட நாளுக்கும் மூன்று இட்லி சாப்பிட்ட நாளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அம்மாவுக்கு ஏமாற்றம். முழுக்கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், ஆனால் மாவுச்சத்து மாவுச்சத்துதான். கோதுமை என்றாலே சர்க்கரைக்காரர்களுக்கு மருந்து என்கிற பேச்சு நம் ஊரில் பலகாலமாக ஓடுகிறது, ராத்திரி ஆறு சப்பாத்தி தின்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ரொட்டியை இரண்டு துண்டாக்கி, கூடவே சுண்டலோ முட்டையோ வைத்த நாட்களில் அளவு குறைவாக வந்தது. இப்போது அந்த வழக்கமே தொடர்கிறது.

மறுபடி செய்தால்

தயிர், சோடா, பிசைவது, ரவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். ரொட்டி நன்றாக வந்தது. எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது. விடுமுறை முடிவதற்குள் நல்ல ரொட்டி வேண்டும் என்ற அவசரம் நியாயமானதுதான். நேரம் இருந்தால் தயிரை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கலாம்.

கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு முதலிலேயே வேண்டும். டீஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு, தலை தட்டியதா குவித்ததா என்பதில் பாதிக்குப் பாதி மாறிவிடும். ஒரு டீஸ்பூன் குவித்தால் ஏழெட்டு கிராம்கூட வரும். சோடாவில் அது விளையாட்டில்லை.

நோயாளிக்காக ஒரு பண்டத்தை மாற்றும்போது எதை எடுத்தோம் என்பதோடு எதைச் சேர்த்தோம் என்பதையும் அன்றே எழுதிப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் நர்ஸ் ஒருவர் இருந்ததால் மறுநாளாவது உப்புக் கணக்கு வெளிவந்தது.

கடைசியாக, தயிர் வருடம் முழுக்க ஒன்றுபோல் இருக்காது. மார்கழியில் அம்மா செய்த ரொட்டி கொஞ்சம் மஞ்சளாக வந்தது, தடவிய மஞ்சளும் லேசாகச் சிவந்தது. குளிரில் தயிர் போதுமான அளவு புளிக்கவில்லை. என்னைக் கேட்காமலே ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சரிசெய்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அவ்வளவு சாறு சுமார் ஒரு கிராம் சோடாவைத் தீர்க்கும். அளவு பொருந்துகிறது. தை முடியும்வரை அதே அளவில் சேர்த்துக்கொண்டிருந்தார், மாசியில் நிறுத்திவிட்டார்.